வெள்ளைக்குள் வெள்ளை

ஜனவரி 18

அண்ணிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் திறக்காமல் மேஜை மேல் போட்டுவிடத் தோன்றும். போட்டுவிடாதீர்கள். நாம் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் தம்பியிடம் நீங்கள் "அவ எப்படி இருக்கா?" என்கிறீர்கள், நான் "உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்கிறேன். அந்த மனுஷர் இரண்டு பக்கமும் "நல்லாத்தான் இருக்காங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிக் காலத்தை ஓட்டிவிட்டார்.

போன் செய்திருக்கலாம். செய்தால் அழுதுவிடுவேன். நீங்கள் "அழுது முடிச்சிட்டு விஷயத்தைச் சொல்லு" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் இங்குள்ள ஆஸ்பத்திரியில் மார்புப் படம், அதான் மேமோகிராம், எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது, உங்கள் தம்பிக்கும். எங்கள் குட்டிப் பெண் வண்டு இப்போது நடக்கிறாள். போட்டோவில் பார்த்திருப்பீர்கள், நேரில் அதைவிட மோசம், நிற்கத் தெரியாமலே ஓடுகிறாள். அவள் பின்னால் ஓடும்போது, என்னை விட்டு என் அம்மா போனபோது எனக்குப் பதினான்கு வயது என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

நேற்று அங்கிருந்து போன். "வலது பக்கம் வெள்ளைப் புள்ளிகள் கூட்டமா தெரியுது. உங்களுக்குச் சதை ரொம்ப அடர்த்தி, இந்த மெஷின்ல இதுக்கு மேல சொல்ல முடியாது. புது மெஷின் இருக்கிற இடத்துல எடுத்துப் பாருங்க" என்றார்கள். எந்த இடம் என்று கேட்டேன். நீங்கள் படம் எடுக்கிற உங்கள் ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணி. எந்த வாசலை மிதிக்கவே கூடாது என்றிருந்தேனோ அதே வாசல்.

நான் மறக்கவில்லை. கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொந்தம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கேட்பது போல நீங்கள் கேட்டீர்கள்: "உங்கம்மாவுக்கு நாப்பதுலயே மார்புல கேன்சர் வந்துச்சுன்னா, நீ முப்பதுலேருந்தே படம் எடுத்துப் பாத்துக்கணும், தெரியுமில்ல?" உங்கள் பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா யோசிச்சிருக்கலாமே" என்றார். கீறல் விழுந்த பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்து உங்கள் தலையில் கட்டிவிட்டது போல என்னை எல்லோரும் பார்த்தார்கள். நீங்கள் அடுத்த வாய் சாப்பிட்டீர்கள்.

என் அம்மாவும் படம் எடுத்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச மாதத்தில் அது அவள் கைக்கே தட்டுப்பட்டது. அப்படியிருக்க, உங்கள் படங்களை நான் எதற்கு நம்ப வேண்டும்? இதை மட்டும் சொல்லுங்கள். நம்பலாமென்றால் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி

*

ஜனவரி 24

பயந்தாங்கொள்ளிக்கு,

என்னைத் திட்ட ஒரு முழுப் பக்கம், விஷயத்துக்கு நாலு வரி. பரவாயில்லை, விஷயம் வந்து சேர்ந்தது.

உன் அம்மாவின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மார்பில் கொழுப்பு படத்தில் கறுப்பாக விழும். பால் சுரக்கிற சதை வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளைதான். சிறு வயதில் சதை அடர்த்தியாக இருப்பவர்களுக்குப் படம் முழுக்க வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளையை யார் தேடுவது? படம் பொய் சொல்லவில்லை. அதற்குக் கண் போதவில்லை.

உங்கள் வீட்டில் துவைத்து மடித்த துணி ஒரு அடுக்கு இருக்குமே (வண்டு இருக்கிற வீட்டில் இல்லாமலா?), அதற்குள் ஒரு குண்டூசி விழுந்துவிட்டது என்று வை. பழைய மெஷின் அடுக்கை மேலிருந்து அமுக்கி ஒரே பார்வையில் பார்க்கிறது. ஊசி இருந்தாலும் மடிப்பு என்று தோன்றும், வெறும் மடிப்பு சேர்ந்து ஊசி போலவும் தோன்றும். எங்களிடம் வந்திருக்கிற புது மெஷினின் தலை ஒரு வில் மாதிரி வளைந்து நகர்ந்துகொண்டே பல கோணத்தில் எடுக்கும். கணினி அதையெல்லாம் சேர்த்து, துணியை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காட்டுவது போல, மேல்தோலிலிருந்து அடிவரை அடுக்கடுக்காகக் காட்டும். எது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் தெரியும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உன் அம்மா காலத்தைவிட நிறையத் தெரியும்.

வா. பிப்ரவரி பதினேழாம் தேதி உனக்கு இடம் போட்டிருக்கிறேன். அன்று காலையில் பவுடர், சென்ட், க்ரீம் எதையும் பூசிக்கொள்ளாதே, அவையும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். இதை எல்லோரிடமும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்வது என் பிழைப்பு, உனக்கும் சொல்லியாயிற்று.

என் தம்பியிடம் உடனே சொல். அவன் ஒன்றும் கண்ணாடிப் பாத்திரம் இல்லை.

சாப்பாட்டு மேஜை விஷயம் எனக்கு எழுத வராது.

அண்ணி

*

ஜனவரி 30

அண்ணி!

நான் வர வேண்டியதே இல்லை! உங்கள் கிளிப்பிள்ளை வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்றபடியே "ஐயோ" என்று கத்திவிட்டேன். உங்கள் தம்பி ஓடி வந்தார், பால் பொங்கிவிட்டது என்று நினைத்து. பாலும் பொங்கித்தான் இருந்தது.

படம் எடுக்கப் போன அன்று மேல் வீட்டு டீச்சரைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தேன், வண்டுவை வைத்துக்கொள்ள. காத்திருக்கும் இடத்தில் அது தன் வேலையைக் காட்டிவிட்டது. பெஞ்சில் போட்டு டயாபர் மாற்றினேன். அவளுக்குப் பின்பக்கம் சிவந்து புண்ணாக இருந்ததால் அந்த வெள்ளை க்ரீமை அப்பினேன், சுண்ணாம்பு மாதிரிக் கெட்டியாக இருக்குமே, அது. அப்பிக்கொண்டிருக்கும்போதே என்னைக் கூப்பிட்டார்கள். டிஷ்யூவில் கையைத் துடைத்தேன், அல்லது துடைத்ததாக நினைத்தேன். உள்ளே படம் எடுக்கிற பெண் "பவுடர், க்ரீம் ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்றுதான் கேட்டாள். "இல்லை" என்றேன். எனக்கு நான் போட்டுக்கொள்ளவில்லையே! அப்புறம் "கொஞ்சம் நீங்களே தூக்கி இந்தத் தட்டு மேல வைங்க" என்றாள். வைத்தேன், அதே கையால்.

க்ரீம் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். ஜிங்க் என்று போட்டிருக்கிறது. அது படத்தில் விழும்தானே? விழும் என்று சொல்லுங்கள். என் மகளின் பிட்டத்துக் க்ரீமைப் பார்த்துவிட்டா இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன்!

இவரிடமும் சொல்லிவிட்டேன், முதலில் பயத்தை, பிறகு க்ரீமை. பயத்தைச் சொன்னபோது எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தார். தேய்த்து வைத்ததையே மறுபடி தேய்த்தார். க்ரீமைச் சொன்னதும் வண்டுவைத் தலைக்கு மேல் தூக்கி "நீதான்டி குற்றவாளி!" என்று ஆடினார்.

ஆக, பதினேழாம் தேதி இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். நன்றி.

தம்பி பெண்டாட்டி

*

பிப்ரவரி 3

உனக்கு,

விழும். ஜிங்க் படத்தில் நன்றாகவே விழும். அது க்ரீமாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. சிரித்தேன். எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணு வர்றாதானே?" என்றார்கள்.

அந்தப் படத்திலிருந்து க்ரீமைத் துடைத்து எடுத்துவிடு. மிச்சம் என்ன இருக்கிறது? வெள்ளை. அங்கே யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். உன் அம்மா கையில் கொடுத்து அனுப்பினார்களே ஒரு "ஒன்றுமில்லை", அதையேதான் நீ இப்போது உனக்கு நீயே கொடுத்துக்கொண்டு அடுப்படியில் ஆடுகிறாய்.

கோபப்படு. என் மேல் ஏற்கெனவே இரண்டு வருஷக் கோபம் இருக்கிறது, அதோடு இதையும் சேர்த்துக்கொள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டே வா.

இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

அண்ணி

வண்டுவுக்குக் கால் அளவு என்ன? செருப்பு வாங்கி வைக்கிறேன்.

*

பிப்ரவரி 19

அண்ணி,

நேற்று சாயங்காலம் உங்கள் டாக்டரம்மா போன் செய்தார்கள். பொறுமையாகத்தான் பேசினார்கள். புள்ளிகள் இந்த முறை இல்லவே இல்லையாம், க்ரீம்தானாம். ஆனால் ஆழத்தில், நெஞ்செலும்பு ஓரமாக, நடு அடுக்குகளில் மட்டும் ஒரு சின்ன இடம் சதையைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறதாம். பழைய படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்களாம், அதில் அந்த இடம் வெறும் வெள்ளையாம். கணினியும் அதே இடத்தில் வட்டம் போட்டிருக்கிறதாம். ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். "ரொம்பச் சின்னது, ரொம்பச் சின்னது" என்று இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டாவது தடவைதான் எனக்குப் பயம் வந்தது.

அன்றைக்குப் படம் எடுத்தது நீங்கள். குளிர்ந்த தட்டில் என்னை வைத்து, தோளை அமுக்கி, "தோளைத் தளர்த்து, மூச்சை அடக்கு, அவ்வளவுதான்" என்றீர்கள். அந்த மெஷின் தலை என் முகத்துக்கு எதிரே மெல்ல நகர்ந்தது. நீங்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்த் திரையைப் பார்த்தீர்கள். நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். வண்டுவுக்குச் செருப்பை மாட்டிவிட்டு, "பாரு, கீ கீன்னு சத்தம் போடுது, இனி உங்கம்மா உன்னைத் தேடவே வேணாம்" என்று சிரித்தீர்கள். பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்தீர்கள். வழியெல்லாம் நான் உங்கள் சிரிப்பை நினைத்துக்கொண்டு நிம்மதியாக வந்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சிரித்தீர்கள்.

சொல்லக் கூடாத இடத்தில், ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில், நாம் இரண்டே பேர் நிற்கும்போது மறைத்தீர்கள். எது உங்கள் நிஜ முகம்?

இன்னொன்று. எல்லோரையும் விரட்டி விரட்டிப் படம் எடுக்க வைக்கிறீர்களே, நாற்பத்தேழு வயதாகிறது, நீங்கள் எப்போது எடுத்துக்கொண்டீர்கள்?

அடுத்த வாரம் ஊசிக்கு வருகிறேன். உங்கள் தம்பியும் வருகிறார். நீங்கள் அந்த அறைக்குள் வர வேண்டாம்.

*

பிப்ரவரி 22

பயந்தாங்கொள்ளிக்கு,

பார்த்தேன். ஆமாம்.

நான் பார்த்தது ஒரு நிழலை. இருட்டில் நிழலைப் பார்த்ததும் திருடன் திருடன் என்று கத்தினால், வீட்டில் இருப்பவர்கள் கதி என்ன? சில சமயம் அது கொடியில் தொங்கும் சட்டையாக இருக்கும். அது என்ன என்று சொல்லப் படித்தவர் டாக்டரம்மா. அவர் பார்க்கும் முன்னால் எங்கள் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு முதலில் பழக்குவது மெஷினை அல்ல, முகத்தைத்தான். தினமும் எத்தனையோ பேர் அந்தத் தட்டின் முன்னால் நின்று திரையைப் பார்ப்பதில்லை, எங்களைப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே முகம்தான் கொடுக்க வேண்டும். உனக்கும் அதைத்தான் கொடுத்தேன். கூடுதலாகக் கொடுத்தது அந்த டீயும் செருப்பும்.

உன் பஸ் திரும்பியதும் உள்ளே போய்ப் படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

சாப்பாட்டு மேஜை விஷயம். அன்று காலையில் உன் வயதுப் பெண் ஒருத்திக்குப் படம் எடுத்திருந்தேன். கையில் தட்டுப்பட்ட பிறகு வந்தவள். மேஜையில் நீ உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய், என் கண்ணுக்கு அவள்தான் தெரிந்தாள். வாய் முந்திக்கொண்டது. சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். பெரியம்மா அப்படிச் சொன்னபோதாவது எழுந்து நின்றிருக்க வேண்டும். அன்று வாயை விட்டேன், இப்போது வாயைக் கட்டினேன். இரண்டு தடவையும் அடி உனக்குத்தான் விழுந்தது.

ஊசி போடும்போது சுருக்கென்று ஒன்று, பிறகு "டக்" என்று ஸ்டேப்ளர் மாதிரி ஒரு சத்தம். சத்தம்தான் பெரிது, பயப்படாதே. நான் அறைக்குள் வர மாட்டேன். வாசலில் இருப்பேன். வண்டுவை யார் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாய்? உன் புருஷனா? அவனுக்கு டயாபர் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாது.

க்ரீமை நானே போடுகிறேன். கையையும் கழுவிவிடுகிறேன்.

அண்ணி

*

ஜூலை 9

அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உங்கள் வீட்டில் அத்தனை வாரம் இருந்துவிட்டு வந்தால் என் வீடே விருந்தாளி வீடு மாதிரி இருக்கிறது. வண்டு கதவுக்குக் கதவு போய் "அத்தே, அத்தே" என்று தட்டுகிறாள். எனக்கும் உங்கள் குறட்டை இல்லாமல் தூக்கம் வருவதில்லை. கதிர்வீச்சு மெஷின் அதைவிடச் சத்தம் கம்மி.

ஆபரேஷன் செய்த பெரிய ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் ஒரு பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார் உங்கள் தம்பி. ஒன்றை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். எடுத்த கட்டி ஆறு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிற காகிதம். ஒரு மிளகு அளவு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள், இந்த மிளகைக் காரம் ஏறுவதற்குள் எடுத்துவிட்டார்கள். பரவியிருக்கிறதா என்று அக்குளில் நெறிக்கட்டி எடுத்துப் பார்த்ததும் சுத்தம். இனி மாத்திரை, வருஷா வருஷம் படம், அதோடு உங்கள் முகம்.

கையில் தட்டுப்பட இதற்கு இன்னும் எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதை ஏன் கணக்குப் போடுறீங்க? போய்ப் பிள்ளையைப் பாருங்க" என்றார்கள். க்ரீம் கதையை மட்டும் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். அந்தப் புள்ளிகள் விழாமல் இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்களா? சதை அடர்த்தி என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பார்கள். நானும் பத்திரமாக மடித்து வைத்திருப்பேன். இதை நினைத்தால் வண்டுவின் பிட்டத்தை முத்தமிடத் தோன்றுகிறது.

நேற்று யார் போன் செய்தார் தெரியுமா? பெரியம்மா! குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, அந்த மெஷின் ரொம்ப அமுக்குமா?" என்று கேட்டார். "கொஞ்சம் அமுக்கும் பெரியம்மா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா யோசிச்சிருக்கலாம்" என்றேன். அந்தப் பக்கம் சிரித்துவிட்டார். வியாழக்கிழமை உங்களிடம் வருகிறார்.

வண்டு வளர்ந்து பெரியவளானதும் அவளுக்கும் ஒருத்தர் சொல்ல வேண்டும். உன் பாட்டிக்கு இப்படி, உன் அம்மாவுக்கு இப்படி, அதனால் நீ காலத்தில் பார்த்துக்கொள் என்று. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அண்ணி. சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். யாராவது கரண்டியைக் கீழே வைத்தால் அன்றைக்கு நான் எழுந்து நிற்கிறேன்.

அதற்கு நீங்கள் இருக்க வேண்டும். அதனால் பிப்ரவரியில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கிறேன். பதில் எழுதும்போது அந்த ஒரு வரியைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள், நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் இருந்தபோது உங்களோடு வேலை செய்கிற அந்தச் சின்னப் பெண்ணிடம் நைசாகக் கேட்டேன். "அக்காவா? அவங்க எங்க எல்லாரையும் அந்த மெஷின்ல ஏத்தி இறக்கியாச்சு. அவங்க மட்டும் 'இன்னிக்குக் கூட்டம், நாளைக்குப் பாக்கலாம்'பாங்க" என்றாள்.

கூட்டமாம்! எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துவிட்டு.

எடுத்துவிட்டு எழுதுங்கள். அதுவரை வண்டு உங்களோடு போனில் பேச மாட்டாள். நான் போனைப் பிடுங்கிவிடுவேன்.

உங்கள் பயந்தாங்கொள்ளி

*

ஜூலை 27

பயந்தாங்கொள்ளிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரி வரை மூச்சை அடக்கிக்கொண்டு படிப்பாய்: ஒன்றுமில்லை. டாக்டரம்மா அடுக்கடுக்காகப் பார்த்துச் சொன்ன ஒன்றுமில்லை. இனி மூச்சு விட்டுக்கொண்டே படி.

வியாழக்கிழமை பெரியம்மாவை எடுத்து முடித்தேன். அவர் மேலங்கியைக் கட்டிக்கொண்டே, "ஏன்டி, நீ எப்ப எடுத்துக்கிட்ட?" என்றார். நீ சொல்லிக்கொடுத்து அனுப்பினாயா, தானாகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே கூட்டம் இருந்தது. இருக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நானே அந்தத் துணி மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வருஷக்கணக்காக எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறேன், அது அவ்வளவு மெல்லிசு என்று அன்றுதான் தெரிந்தது.

சின்னப் பெண் வந்தாள். "பவுடர், க்ரீம் ஏதாவது போட்டிருக்கீங்களா அக்கா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். தட்டு எவ்வளவு குளிர்ச்சி! உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ சண்டை போட்டிருக்கலாம், அதற்கு நியாயம் இருக்கிறது. "தோளைத் தளர்த்துங்க, மூச்சை அடக்குங்க, அவ்வளவுதான்" என்றாள். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த அதே வார்த்தை, அதே ராகம். அவள் சொல்வதற்கு எவ்வளவோ முன்னாலேயே நான் மூச்சை அடக்கியிருந்தேன்.

பிறகு அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். திரை இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "வண்டு இப்ப என்ன பேசுறா அக்கா?" என்று கேட்டாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். நெற்றி, கண், வாய் ஓரம், ஒன்று விடாமல் பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

போனை வண்டுவிடம் கொடு.

அண்ணி